பதினோராவது நிமிடம்

மதியம் இரண்டு மணிக்கு லோகநாதன் தூங்கப் போவார். அவரோடு அவருடைய கணினிப் பெட்டியும் தூங்கப் போகும். அவர் மூன்றேகாலுக்கு எழுந்து காபி கேட்பார். பெட்டி மட்டும் கடந்த இருபத்து மூன்று நாட்களாக, தூங்க ஆரம்பித்த பதினோராவது நிமிடத்தில் 'டப்' என்று அணைந்துபோய், உள்ளே விசிறி அலற, தானாகவே மறுபடி விழித்துக்கொண்டது. விழித்ததும் "இன்று கற்றது எதுவும் இல்லை" என்று அறிவித்தது.

அந்தச் சத்தத்தில் பக்கத்து அறையில் படுத்திருக்கும் லோகநாதன் திடுக்கிட்டு எழுந்து, "மலுமிச்சம்பட்டி!" என்று கத்துவார்.

பெட்டி அதை உடனே மொழிபெயர்த்துத் தன் ஒலிபெருக்கியில் சொல்லும்: "சனியனே!"

தன்னைத் திட்டுவதையும் ஒரு சொல் குறைக்காமல் சொல்லிவிடும் பெட்டி அது. அந்த ஒரு விஷயத்துக்காகவே அவர் மனைவி சுகுணாவுக்கு அதைப் பிடிக்கும்.

லோகநாதன் கண்டக்டராக இருந்தவர். பஸ்ஸில் கண்டக்டர் என்று ஓர் ஆள் இருந்த கடைசி ஆண்டுகளில், உக்கடத்திலிருந்து பொள்ளாச்சிக்கு ஒரு நாளைக்கு மூன்று முறை போய் வந்தவர். வாய் ஓயாமல் பேசுவார். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். மூளையில் ரத்த அடைப்பு. கையும் காலும் ஒரு வருடத்தில் பெருமளவு திரும்பி வந்தன. பேச்சு மட்டும் குழம்பிப்போயிற்று. சொற்கள் வராமல் இல்லை, தாராளமாக வந்தன. ஆனால் எல்லாம் இடம் மாறி வந்தன. தண்ணீர் வேண்டும் என்று நினைத்து வாயைத் திறந்தால் "சுந்தராபுரம்" என்று வந்தது. கோபம் வந்தால் மலுமிச்சம்பட்டி. ஆயிரக்கணக்கான முறை கூவிய நிறுத்தங்களின் பெயர்கள்தான் நாக்கில் ஆழமாகப் பதிந்திருந்தன போலிருக்கிறது, மற்றதெல்லாம் அழிந்த பிறகும் அவை நின்றன.

அதற்காகத்தான் பெட்டி. திரைக்கு மேலே இருக்கும் கேமரா அவர் கண் எங்கே போகிறது, கை எதைக் காட்டுகிறது என்று பார்க்கும். சட்டையில் குத்தியிருக்கும் பொத்தான் அளவு மைக் அவர் சொல்வதைக் கேட்கும். மணி என்ன, எதிரில் நிற்பது யார் என்பதையெல்லாம் சேர்த்து, அவர் என்ன சொல்ல வருகிறார் என்று கண்டுபிடித்து, ஒலிபெருக்கியில் சொல்லும். பழைய கல்யாண வீடியோக்களிலிருந்து எடுத்துச் செய்த, அவருடைய சொந்தக் குரலிலேயே சொல்லும்.

ஆனால் அவருடைய அகராதி நிலையாக நிற்பதில்லை. சித்திரையில் டீ என்று பொருள்பட்ட 'ஒத்தக்கால்மண்டபம்' ஆடியில் செய்தித்தாளாகிவிடும். அதனால் பெட்டி தினமும் புதிதாகக் கற்றாக வேண்டும். கற்பதற்கு அது தூங்க வேண்டும். தூக்கத்தில்தான் அன்றைய நாளை மறுபடி ஓட்டிப் பார்த்து, எது எதைக் குறித்தது என்று அடுக்கிக்கொள்ளும்.

இருபத்து மூன்று நாட்களாக அது எதையும் அடுக்கவில்லை. லோகநாதனின் பேச்சு முன்னே போய்க்கொண்டிருந்தது, பெட்டி பின்தங்கிக்கொண்டிருந்தது.

தர்ஷினி திங்கட்கிழமை காலை வந்தாள். முப்பத்தாறு வயது. பழைய கணினிகளைத் தூக்கிப் போடாமல் சரிசெய்து கொடுக்கும் ஆட்கள் கோவையில் மூன்று பேர்தான் மிச்சம், அதில் அவள் ஒருத்தி. தோள்பையை இறக்கி வைத்துவிட்டு, மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தவள் சிரித்துவிட்டாள்.

"ஏனுங்கம்மா, இது எந்த வருசம் வாங்குனது?"

"எங்க பொண்ணு சம்யுக்தா ஆறாவது படிக்கறப்ப வாங்குனதுங்க. அப்புறம் மாத்தாத சாமான் இல்ல. உள்ளுக்குள்ள மூணு தடவ போர்டு மாத்தியாச்சு. அன்னைக்கு வாங்குனதுல மிச்சம் இருக்கறது இந்தக் கேபினட்டும் பின்னாடி ரெண்டு ஸ்க்ரூவுந்தான்."

"கடைசியா எதை மாத்துனீங்க?"

"ரேமுங்க. சம்யுக்தா ஹாம்பர்க்லருந்து அனுப்பி வெச்சா. புது மென்பொருள் போட்டாத்தான், பெட்டி சொல்றது அவரு பேச்சேதான்னு சான்றிதழ் தருவோம்னு பேச்சுரிமை ஆபீசுல சொல்லிட்டாங்க. புது மென்பொருளுக்குப் பழைய ரேம் பத்தாது. மாத்துன அன்னைலருந்துதான் இந்தக் கூத்து."

தர்ஷினி கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். லோகநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அறுவை சிகிச்சை பார்க்க வந்தவர் மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

"கோவில்பாளையம், ஆத்துப்பாலம்?" என்று கேட்டார்.

"பிழைக்குமா?" என்றது பெட்டி.

"பார்ப்போங்கய்யா."

"குறிச்சி. குறிச்சி."

"ரேடியோவை நிறுத்து. ரேடியோவை நிறுத்து," என்றது பெட்டி.

தர்ஷினி சுற்றிலும் பார்த்தாள். அந்த அறையில் ரேடியோவே இல்லை.

சுகுணா பெருமூச்சு விட்டாள். "பாத்தியா கண்ணு? ஒரு மாசமா இதையேதான் சொல்லுது. முதல்ல நானும் நம்பி, அடுப்படில பாடிட்டிருந்த ரேடியோவ எடுத்துப் பரண்ல போட்டேன். அப்பவும் விடல. அவரு வேற என்னமோ சொல்றாரு, இது தப்பாப் புரிஞ்சுக்குது. இப்புடி எத்தனையோ. போன மாசம் தொண்ணூத்துநாலு இருந்த மார்க்கு இப்ப எம்பத்தொண்ணு. வர்ற வியாழக்கெழம ஆபீசர் பரிசோதனைக்கு வர்றாரு. எம்பதுக்குக் கீழ போச்சுன்னா சான்றிதழ் ரத்து."

"ரத்தானா?"

"ஒண்ணு, பொதுச் சேவைல சேரணும். இல்லாட்டி என்னையப் பாதுகாவலரா போட்டுருவாங்க."

பொதுச் சேவை என்றால் தர்ஷினிக்கும் தெரியும். இப்படிப் பேச்சு குழம்பிய ஆயிரக்கணக்கானவர்களுக்கும் பொதுவான ஒரே மொழிபெயர்ப்பு. மேல் மாடியில் இருக்கும் ரங்கராஜ் அதில்தான் சேர்ந்திருக்கிறார். அவர் எதைச் சொல்ல வாயெடுத்தாலும் "நன்றி, நான் நலமாக இருக்கிறேன்" என்றோ, "சிறிது தண்ணீர் தர முடியுமா?" என்றோதான் வரும். மருமகன் சட்டையைப் பிடித்து உலுக்கிய அன்றும் "சிறிது தண்ணீர் தர முடியுமா?" என்றுதான் அவருடைய கருவி சொன்னது. இப்போது அவர் எதுவும் பேசுவதில்லை.

"பாதுகாவலரா நீங்களே இருந்தா என்னங்கம்மா? நீங்கதானே பாத்துக்கறீங்க?"

சுகுணா அவர் முட்டியைப் பார்த்தாள். "போன வருசம் முட்டிக்கு ஆபரேசன் பண்ணணும்னாங்க. இவரு வேண்டாம்னாரு. டாக்டரும் கேட்டுக்கிட்டாரு. நான் பாதுகாவலரா இருந்திருந்தா என்னையக் கேட்டிருப்பாங்க. நான் சரின்னு சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் கண்ணு, எனக்கே தெரியும். இவரு முட்டிய நான் அறுக்க விட்டிருப்பேன்."

"மலுமிச்சம்பட்டி," என்றார் லோகநாதன், முட்டியைத் தடவிக்கொண்டு. யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஆனாலும் பெட்டி சொல்லிற்று.

அன்று முழுவதும் தர்ஷினி வழக்கமான சோதனைகளைச் செய்தாள். மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பழசாகி, தூங்கும்போது தடுமாறுகிறதோ என்று வேறொன்றை மாட்டினாள். பதினோராவது நிமிடம், டப். புது ரேமைக் கழற்றிவிட்டுப் பழையதைப் போட்டாள். புது மென்பொருள் அதில் திணறினாலும் பெட்டி குழந்தை மாதிரி தூங்கிற்று. ரேம்தான் கெட்டது என்று நினைத்து, தன் பையிலிருந்த வேறொரு புது ரேமைப் போட்டாள். பதினோராவது நிமிடம், டப். ஆக, ரேம் கெடவில்லை. போர்டைத் தொடங்கிவைக்கும் பயாஸ் நிரலைப் புதுப்பித்தாள். கேமராவைக் கழற்றினாள், மைக்கைக் கழற்றினாள். ஒவ்வொரு முறையும் மூன்று பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். பத்து நிமிடம் தாண்டியதும் லோகநாதன் காதைப் பொத்திக்கொள்வார்.

சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, சுகுணா கொடுத்த காபியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "சாமான்ல ஒரு கோளாறும் இல்லீங்கம்மா. எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் சாகுது?"

"தூக்கத்துல அது என்ன பண்ணுதுன்னு பாக்கணும். நாளைக்கு வர்றேன்."

செவ்வாய்க்கிழமை வந்ததும் அவள் எதையும் கழற்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பேட்டில் ஒரு கோடு போட்டாள்.

"பாருங்கம்மா. தூங்குன உடனே முதல் எட்டு நிமிசம் அது பழைய அகராதிய சரிபாக்குது. அப்புறம் அன்னைக்கு நடந்ததைக் காலைலருந்து வரிசையா ஓட்டிப் பாக்குது. சாமான் கோளாறுன்னா ஒரு நாள் அஞ்சாவது நிமிசம் சாகும், ஒரு நாள் நாப்பதாவது நிமிசம் சாகும். தினமும் பதினோராவது நிமிசம்னா, தினமும் இந்த வீட்டுல ஏதோ ஒண்ணு ஒரே நேரத்துல நடக்குதுன்னு அர்த்தம். அதைத் தாண்ட முடியாம விழுது."

"எங்க வீட்டுல என்ன கண்ணு நடக்குது? எந்திரிக்கறோம், திங்கறோம், பேப்பர் பாக்கறோம்."

"அதுல எதுன்னு கண்டுபுடிக்கணும்."

முந்தைய நாளின் பதிவில் மதியப் பகுதியை மட்டும் கொடுத்துத் தூங்க வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. காலையை மட்டும் கொடுத்தாள். டப். காலையை இரண்டாக வெட்டினாள். ஏழிலிருந்து எட்டு வரை நன்றாகத் தூங்கிற்று. எட்டிலிருந்து ஒன்பது வரை கொடுத்தபோது விழுந்தது. அதையும் இரண்டாக்கி, அதில் ஒரு பாதியை மறுபடி இரண்டாக்கி, சாப்பாட்டுக்கு எழுந்து போய் வந்து, மறுபடி வெட்டி, பதினொன்றே முக்காலுக்குத் தொடங்கியது மூன்று மணிக்கு முடிந்தபோது அவள் கையில் நான்கு விநாடிகள் இருந்தன. காலை எட்டு நாற்பது.

கேமராவின் படத்தைத் திரையில் ஓட்டினாள். சாப்பாட்டு மேசை. லோகநாதன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். சுகுணா நான்காவது தோசையைத் தட்டில் போட வருகிறாள். லோகநாதனின் கை எழுகிறது. ஒலிபெருக்கியில் அவருடைய குரல்: "சுகுணா, போதும்."

அவ்வளவுதான்.

"இதுலயா செத்துப்போகுது?" என்றாள் சுகுணா. "தினமும் சொல்றதுதானே இது?"

"தினமும் சொல்றதுதான்," என்றாள் தர்ஷினி மெதுவாக. அவள் முகம் மாறியிருந்தது. "அம்மா, இதுல ரெண்டு குரல் இருக்கு. ஒண்ணு ஒலிபெருக்கில வந்தது. இன்னொண்ணு ஐயா சட்டை மைக்குல பதிவானது. ஒலிபெருக்கிய எடுத்துட்டு மைக்க மட்டும் போடறேன்."

தட்டின் ஓசை. நாற்காலி நகரும் ஓசை. பிறகு தடித்து, இழுபட்டு, நாக்கு எங்கோ இடறி வருகிற ஒரு மனிதக் குரல்:

"சு… குணா. போது."

லோகநாதன் ஒரு மாதிரி பொறுமை இழந்த முகத்தோடு, 'இப்போதாவது' என்பதுபோல இரண்டு கைகளையும் விரித்தார்.

"இன்னொரு தடவ போடு கண்ணு," என்றாள் சுகுணா.

தர்ஷினி போட்டாள்.

"இன்னொரு தடவ."

மூன்றாவது முறை கேட்டதும் சுகுணா எழுந்து அடுக்களைக்குப் போனாள். அடுப்பில் எதுவும் இருக்கவில்லை. குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் ஈரமாக இருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, கணவருக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு வெளங்கற மாதிரி சொல்லு," என்றாள் தர்ஷினியிடம்.

"இந்தப் பெட்டியச் செஞ்சவங்க ஒரு விசயத்த யோசிக்கவே இல்லீங்கம்மா. ஐயா சொல்ற சொல்லு வேற, அர்த்தம் வேற. அப்புடித்தான் இருக்கும்னு வெச்சுத்தான் எல்லாத்தையும் எழுதியிருக்காங்க. ஆத்துப்பாலம்னா என்ன அர்த்தம்னு தேடும், கெடைக்கும், எழுதி வெச்சுக்கும். சுகுணான்னா என்ன அர்த்தம்னு தேடுனா, சுகுணான்னு வருது. அதுக்கு என்ன அர்த்தம்னு மறுபடி தேடுனா, மறுபடி சுகுணா. இப்புடியே சுத்திச் சுத்தி, மூச்சு முட்டி விழுந்துடுது. ஐயா சரியாப் பேசிடுவாருன்னு அது எதிர்பாக்கவே இல்ல."

"அதெப்படி எனக்குக் கேக்காமப் போச்சு? நான் பக்கத்துலதானே நிக்கறேன்."

"அதுக்கு வேகம் அதிகம். ஐயா வாயத் தொறக்கறதுக்குள்ள கண்ணையும் கையையும் பாத்துக் கண்டுபுடிச்சு, முந்திக்கிட்டுச் சத்தமாச் சொல்லிடுது. அதுவும் அவரு குரல்லயே. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துடுது. நாமளும்…" தர்ஷினி நிறுத்தினாள். நேற்றிலிருந்து தானும் லோகநாதனிடம் கேட்ட எல்லாக் கேள்விக்கும் ஒலிபெருக்கியைப் பார்த்துத்தான் பதிலை எதிர்பார்த்தது அவளுக்கு உறைத்தது.

"முன்னாடி ஏன் விழல? புது ரேம் போட்டப்புறந்தானே விழுது?"

"பழைய ரேம்ல இடம் கம்மி. கொஞ்ச நேரம் தேடிட்டு, புரியலன்னா குப்பைன்னு தூக்கிப் போட்டுடும். இப்ப இடம் நிறைய இருக்கு. விடாமத் தேடுது."

சுகுணா கணவரைப் பார்த்தாள். "அப்ப, எத்தன நாளா இவரு என் பேரச் சொல்லிட்டிருக்காரு?"

"தெரியலீங்கம்மா. இந்த இருபத்துமூணு நாள் பதிவுதான் இருக்கு. அதுக்கு முன்னாடி உள்ளதெல்லாம் அது தூக்கிப் போட்டிருக்கும்."

இருபத்து மூன்று நாட்களையும் வரிசையாகக் கேட்டார்கள். முதல் நாள் "சுணா" என்றுதான் இருந்தது. ஒன்பதாம் நாள் நடுவில் ஒரு 'கு' முளைத்திருந்தது. அது எப்படியோ மறுநாள் காணாமல் போய், மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்திருந்தது. மனிதர் தினமும் நாலாவது தோசையை வைத்துப் பயிற்சி செய்திருக்கிறார்.

"குறிச்சி," என்றார் லோகநாதன், ஒலிபெருக்கியைச் சுட்டிக்காட்டி. "குறிச்சி!"

"ரேடியோவை நிறுத்து," என்றது ஒலிபெருக்கி.

சுகுணா அதைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அடங்கவே இல்லை. "அடப்பாவி மனுசா, இதைத்தான் சொன்னீங்களா? நான் நல்ல ரேடியோவக் கொண்டுபோய்ப் பரண்ல போட்டனே!"

லோகநாதனும் சிரித்தார். சிரிப்புக்கு எப்போதும் மொழிபெயர்ப்பு இருந்ததில்லை.

பதிவுகளைத் துழாவியதில் அவர் சரியாகச் சொல்லும் சொற்கள் ஆறு கிடைத்தன. சுகுணா, போதும், உப்பு, வலி, வா, டிக்கெட். தர்ஷினி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். புதன்கிழமை காலை பெட்டிக்குள் இரண்டு வரி எழுதிச் சேர்த்தாள். சொல்லும் பொருளும் ஒன்றாக இருந்தால் தேடாதே. அந்தச் சொல்லை அவர் சொல்லும்போது நீ பேசாதே.

மதியம் பெட்டி தூங்கப் போயிற்று. பத்து நிமிடம். பதினொன்று. லோகநாதன் பொத்திய காதிலிருந்து ஒரு விரலை மட்டும் எடுத்துப் பார்த்தார். விசிறியின் முனகல் இன்னும் தணிந்து, நின்றேபோயிற்று. மூன்றேகாலுக்கு எழுந்த பெட்டி, சேர்ந்திருந்த நாட்கள் அத்தனையையும் கற்றுவிட்டதாக அறிவித்தது. மார்க் தொண்ணூற்று மூன்று.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அலுவலர் இன்பராஜ் வந்தார். ஐம்பது வயது தாண்டியவர். அன்றைக்கு அது அவருக்கு நாலாவது வீடு. களைப்போடும் மரியாதையோடும் உட்கார்ந்து, பத்துக் கேள்விகள் கேட்பேன், எட்டுக்காவது பெட்டி சரியாகச் சொல்ல வேண்டும் என்று விளக்கினார். தர்ஷினியும் வந்திருந்தாள். யாரும் அழைக்கவில்லை, அவளாகவே வந்திருந்தாள்.

இன்று என்ன கிழமை, இந்தப் படத்தில் என்ன இருக்கிறது, உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை என்று கேள்விகள் போயின. பெட்டி மணி மணியாகச் சொல்லிற்று. முட்டி அறுவை சிகிச்சையை ஏன் மறுத்தீர்கள் என்று கேட்டதற்கு நான்கு நிறுத்தங்கள் சேர்ந்த நீளமான பதில் வந்தது. "என் முட்டி, என் வலி, உனக்கென்ன?" என்று பெட்டி சொன்னதும் இன்பராஜ் தலைகுனிந்து புன்னகையை மறைத்துக்கொண்டார்.

"இவங்க யாரு?" என்று சுகுணாவைக் காட்டிக் கேட்டார்.

லோகநாதன் மூச்சை இழுத்தார். "சு… குணா."

இன்பராஜ் ஒலிபெருக்கியைப் பார்த்துக் காத்திருந்தார். அது பேசவில்லை. பத்து விநாடி பார்த்துவிட்டு, கையிலிருந்த படிவத்தில் பெருக்கல் குறி போட்டார்.

"இது என்னது?" என்று ஒரு சிறு கிண்ணத்திலிருந்ததைக் காட்டினார்.

"உப்பு."

ஒலிபெருக்கி பேசவில்லை. பெருக்கல் குறி.

"நீங்க வேலை செய்யறப்ப பயணிகளுக்கு என்ன குடுப்பீங்க?"

"டிக்கெட்," என்றார் லோகநாதன், முன்னிரண்டையும் விடத் தெளிவாக. பெட்டி அமைதியாக இருந்தது. மூன்றாவது பெருக்கல் குறி.

"மூணு போயிருச்சுங்க," என்றார் இன்பராஜ் வருத்தத்தோடு. "ஏழுதான் வருது. நல்லாத்தான் போயிட்டிருந்தது…"

"ஏனுங்க சார்," என்றாள் சுகுணா. "அவரு சொன்னது உங்களுக்குக் கேக்கலீங்களா?"

"பெட்டி ஒண்ணும் சொல்லலீங்களே."

"பெட்டி சொல்லல. அவரு சொன்னாரு. தப்பு உங்க மேல இல்லீங்க, நானும் எட்டு வருசமா இப்புடித்தான் அந்தப் பக்கமாப் பாத்துட்டிருந்தேன். ஒரே ஒரு தடவ இந்தப் பக்கம் பாத்துக் கேளுங்க."

இன்பராஜ் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, லோகநாதனின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். இத்தனை வருட வேலையில் அவர் யாருக்கும் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

"ஐயா, இவங்க யாரு?"

"சு-குணா," என்றார் லோகநாதன். கூடவே, இதற்கு எத்தனை முறை பதில் சொல்வது என்ற எரிச்சலில், "மலுமிச்சம்பட்டி," என்றும் சேர்த்துக்கொண்டார். அதை மட்டும் பெட்டி மொழிபெயர்த்தது.

இன்பராஜ் படிவத்தைப் பார்த்தார். 'பதில் சொன்னது' என்ற தலைப்பின் கீழே அச்சடித்த கட்டங்கள் இரண்டுதான் இருந்தன. ஒன்று கருவி, மற்றது பாதுகாவலர். இரண்டிலும் இது அடங்கவில்லை. கடைசியில் பேனாவை எடுத்து, ஓரத்தில் கோணலாக ஒரு மூன்றாவது கட்டம் வரைந்து, அதற்குப் பக்கத்தில் 'அவரே' என்று எழுதினார். மூன்று பெருக்கல் குறிகளையும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"மேல கேள்வி கேப்பாங்க," என்றார் எழுந்துகொண்டே. "கேக்கட்டும். நான் சொல்லிக்கறேன்." வாசல் வரை போனவர் திரும்பி, தர்ஷினியிடம் கேட்டார்: "இதுக்கு முன்னாடி போன வீடுகள்லயும் சில பெட்டிங்க தூக்கத்துல விழுதுன்னு சொன்னாங்க. பொதுச் சேவைக்கு மாத்திக்கங்கன்னு எழுதிக் குடுத்துட்டு வந்தேன். அதெல்லாம்…?"

"எந்த வீடுன்னு சொல்லுங்க சார்," என்றாள் தர்ஷினி. "மாத்தறதுக்கு முன்னாடி நான் போய்ப் பாத்துடறேன்." படியிறங்கும்போதே அவர் சொல்லச் சொல்லக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். முதல் பெயர் மேல் மாடி ரங்கராஜ். அவருடைய பழைய பெட்டி இன்னும் அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறதாம்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பெட்டி தூங்கிற்று. லோகநாதன் படுக்கப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சுகுணாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பெட்டி இல்லாமல் இருவரும் விழித்திருந்த மதியங்கள் மிகக் குறைவு.

"ஈச்சனாரி, கிணத்துக்கடவு," என்றார்.

சுகுணா நிமிர்ந்தாள். ஒலிபெருக்கியைப் பார்க்கவில்லை. "காபியா? இப்பத்தானே சாப்புட்டீங்க."

இல்லையென்று தலையை ஆட்டினார். "ஈச்சனாரி."

"ஃபேன் போடட்டுமா?"

இல்லை.

"சம்யுக்தாகிட்டப் பேசணுமா? அங்க இப்பக் காலைதான், வேலைக்குப் போயிருப்பா." அதுவும் இல்லை. செய்தித்தாளை எடுத்துக் கொடுத்தாள், வாங்கிக் கீழே வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தாள், அதைப் போட்டுக்கொண்டு, இது எதற்கு என்பதுபோல அவளையே பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வழக்கமாக இந்நேரம் இரண்டு மலுமிச்சம்பட்டியாவது வந்திருக்கும்.

"கிணத்துக்கடவு," என்று மறுபடி சொன்னார். கையால் எதையும் காட்டவில்லை. வேண்டுமென்றே காட்டாமல் மடியில் வைத்திருந்தார், அவளாகவே வரட்டும் என்று.

சுகுணா கையிலிருந்த சட்டையை அப்படியே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். எட்டு வருடமாக அந்த முகத்தில் இல்லாத என்னவோ அவசரமற்ற ஒன்று இருந்தது. பெட்டி இருந்தால் அரை விநாடியில் சொல்லியிருக்கும். அவளுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் பிடித்தது.

"நான்… துணியெல்லாம் அப்புறம் மடிக்கலாம்னு," என்று தயங்கினாள். "சும்மா இங்க வந்து உக்காரணுமா?"

லோகநாதன் பக்கத்து நாற்காலியைத் தட்டினார்.

"ஆமா," என்றார்.

சுகுணா அப்படியே நின்றாள். தர்ஷினி எழுதிக் கொடுத்த தாளில் ஆறு சொற்கள்தான் இருந்தன. அதில் இது இல்லை. பெட்டி தூங்கிக்கொண்டிருந்தது, மைக் அணைந்திருந்தது. அந்தச் சொல் எங்கும் பதிவாகவில்லை. கேட்டது அவள் ஒருத்திதான்.

அவள் போய் உட்கார்ந்தாள்.